ஒன்றரை

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் என்னை மட்டும் இறக்கினார்கள்.
பாண்டியிலிருந்து வரும் பஸ், மாலை ஆறரை.
கால் பின்னுகிறது, நாக்கு குழறுகிறது,
கண் ஓரத்துக்கு ஓடி ஓடித் துள்ளுகிறது.
வேறென்ன நினைப்பார் அந்தக் காவலர்?
பையைக் கவிழ்த்தார்:
ஸ்கேன் உறை, பாதி பன், மாத்திரை அட்டை.
'ஊது' என்றார்.
ஊதினேன்.
கருவியில் பூஜ்யம்.
தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்.
தொட்டதே இல்லை சார், என்றேன்
தொட்டவனின் குரலில்.

முதுநகர் ஐஸ் ஃபேக்டரியில் பில் போடுகிறவன் நான்.
மெஷின் பக்கம் விடமாட்டார்கள்,
எட்டாம் வகுப்பிலிருந்து காக்காவலிப்பு.
அந்த வாரத்து பில்லில்
ஏழு பார் எழுபதாகியிருந்தது.
முதலாளி என் வாயை முகர்ந்து பார்த்தார்.
அஞ்சலாட்சி முகரவில்லை.
டப்பாவைக் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணினாள்.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
அதில்தான் அவள் பயந்தாள்.

கோரிமேடு ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் சவரிநாதன்.
நெல்லித்தோப்பு, தச்சு வேலை.
அவனுக்கும் அதே மாத்திரை, அதே நூறு, தினம் மூன்று.
அவனுக்குப் போதவில்லை;
போன ஞாயிறு பூசையில் பெஞ்சிலிருந்து விழுந்து
புருவத்தில் நாலு தையல்.
எனக்கோ ஈறு வீங்கி
பல்லை மூட வருகிறது.
'உனக்கு நெசமான மருந்து,
எனக்குச் சுண்ணாம்பு குடுக்குறானுங்க' என்றான்.
சிரித்தோம்.
என் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

மருந்தளவு பார்க்க ஒரு குழாய் ரத்தம்,
மரபணு பார்க்க ஒரு குழாய்.
பிறகொரு நாள் டாக்டர் மெஹருன்னிசா
சீட்டின் பின்பக்கம் ஈரலை வரைந்தார்.
மருந்தை உடைத்து வெளியேற்ற அங்கே ஒரு நொதி.
உங்களுக்கு அது மந்தம், பிறவியிலேயே.
நோயில்லை.
இந்த மருந்து வந்திராவிட்டால்
கடைசிவரை தெரிந்திருக்காது.

அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.
தலைவலித் தைலத்துக்கு மேல் மருந்தறியாத இருவர்
எழுதிவைத்த சொத்து.
வில்லங்கச் சான்றிதழ் இப்போதுதான் கைக்கு வருகிறது.

எனக்கு ஐஸ் ஞாபகம் வந்தது.
ஒரே அச்சில் வார்த்த பார்.
ஒரு படகில் சாமியார்பேட்டை தாண்டுமுன் தண்ணீர்.
உமி போட்டு மூடிய இன்னொன்றில்
மூன்றாம் நாளும் முனை மழுங்காமல் கிடக்கும்.
நான் உமி போட்ட உடம்பு.
நேற்றையது கரையுமுன் இன்றையது,
அதன்மேல் நாளையது.

மூன்றை ஒன்றரையாக்கினார்கள்.
சவரிநாதனுக்கு வேறு மருந்து.
'என் பங்கையும் நீயே அமுக்கி வச்சிருந்திருக்க'
என்று போனில் சொன்னான்.

இரவில் அஞ்சலாட்சி பில் புத்தக அட்டைமேல் வைத்து
பிளேடால் மாத்திரையைப் பிளக்கிறாள்.
சரிபாதியாக வந்ததே இல்லை.
எது பெரிய துண்டு என்று
ட்யூப்லைட்டடியில் இருவரும் குனிந்து பார்க்கிறோம்.
பக்கத்தில் இன்பவல்லி தூங்குகிறாள்.
அவளுக்கு ஒன்று என்னிடமிருந்து போயிருக்கும்,
அதில் சந்தேகமில்லை.
இன்னொன்று என்னவென்று
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

போன வாரம் அதே செக்போஸ்ட், அதே காவலர்.
நேராக நடந்து போனேன்.
அடையாளம் தெரிந்து சிரித்தார்.
'என்னய்யா, இன்னிக்கு அளவா?'

ஒன்றரை சார், என்றேன்.