இடப்பக்கம்

ஒத்திகைக்கு எடுத்த படத்தில் கடல்
இடப்பக்கமாய் வழிந்துகொண்டிருந்தது.
"தண்ணி எல்லாம் கொட்டிடப் போவுதுப்பா" என்றான் ராயர்.
முன்பணம் தந்த கலிவரதன் சிரிக்கவில்லை.
விடிந்தால் அவர் பைபர் படகுக்கு வெள்ளோட்டம்.

சோனங்குப்பத்து மணலில் சாக்கு விரித்து
ட்ரோனின் பேட்டரியைக் கழற்றி
கேமராவை விரலால் மெல்லத் தள்ளினேன்.
விட்ட இடத்தில் நிற்க வேண்டும்;
பஸ்ஸில் தூங்குகிறவன் தலையாய்
முன்னே கவிழ்ந்தது.
புது ஃபில்டரின் கனம்.
யாரும் வாங்காத ஐம்பது காசைப்
பின்புறம் ஒட்டினேன். மூக்கு நிமிர்ந்தது.
கிம்பலின் இடச்சாய்வு மட்டும் அப்படியே.

மட்டம் பிடிக்க மட்டமான இடம் வேண்டும்.
கரை, கடலுக்குச் சரிவு.
ஏலக்கூடத்துத் தரை, கழுவிய நீருக்குச் சரிவு.
டீக்கடை பெஞ்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அஞ்சலாட்சியின் மீன் தராசில்
ஒரு கண்ணாடிக் குமிழி, வட்டத்தின் நடுவே.
தராசின் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு.
"வையி. வஞ்சிரம் வரதுக்குள்ள எடுத்துடு."

எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம் காட்டியது.
உள்ளே மோட்டார்கள் முனகி, தேடி,
அடங்கின.

மறுநாள் படத்தில் கடல் நேர்.
படகுதான் சற்றே
இடப்பக்கம் சாய்ந்து போயிற்று.
கலிவரதனிடம் இன்னும் சொல்லவில்லை.