பன்னிரண்டு கதவுகள்

"என் வீடு" என்று கரும்பலகையில் எழுதி
மாதிரிக்கு ஒன்று நானே வரைந்து காட்டினேன்.
முக்கோணக் கூரை, நடுவில் கதவு,
கேட் வரைக்கும் வளைந்து போகும் பாதை,
பக்கத்தில் ஒரு மாமரம்.
ஹப்புத்தளைக் குளிரில் மாமரம் காய்த்து
யார் கண்டது?
புத்தகத்தில் இருந்தது. போட்டேன்.

முப்பது பிள்ளைகளும் முப்பது மாமரம் வரைய
கடைசி வாங்கில் துலக்சனா
கொப்பியைக் குறுக்காகத் திருப்பினாள்.
அடிமட்டம் வைத்து ஒரு நீளக் கோடு.
ஒரு பக்கம் போதாமல்
அடுத்த பக்கத்துக்கும் ஓடியது கூரை.
அதன் கீழே பன்னிரண்டு கதவு.
ஏழாவதில் மட்டும் ஒரு பூட்டு.

சிவப்புப் பேனாவால் எழுதினேன்:
வீடு வரையச் சொன்னேன். இது ரயில்.
எழுதியதை உரக்க வாசித்தும் விட்டேன்.

பஜார் கடைக்காரரின் மகள் சிரித்தாள்.
ஆஸ்பத்திரிக் கிளாக்கரின் மகன் சிரித்தான்.
வகுப்பே சிரித்தது.
எல்லோரும் தமிழில்தான் சிரித்தார்கள்.

அவள் அழவில்லை.
கொஞ்ச நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு
கதவுகளுக்குக் கீழே
ஒவ்வொன்றாகச்
சில்லு வரையத் தொடங்கினாள்.

இவளைச் சேர்க்கத் தாய் வந்த நாள் நினைவிருக்கிறது.
வீட்டு இலக்கம் என்ன, அதிபர் கேட்டார்.
மேட்டு லயம், ஏழாம் காம்பராங்க.
வீதி?
பெக்டரிக்கு மேலால போற ரோட்டுங்க.
தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதே?
இருக்குங்க. ஒன்னாம் வகுப்புக்கு டீச்சர்தான் இல்லீங்க.
கரண்ட் பில் கேட்டார்கள்; அது தோட்டத்தின் பெயரில்.
கிராம சேவகர் கடிதம் கேட்டார்கள்; அவர் லீவில்.
மூன்று நாள் வந்தாள்.
மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது,
அரைப்பேர்கூட இல்லை.
அந்த மூன்று பேரையும் கொடுத்துத்தான்
எங்கள் இடாப்பில்
மகளுக்கு ஒரு பேர் வாங்கினாள்.

முதல் வாரம் துலக்சனா ஓயாமல் பேசினாள்.
"எங்க காம்பராவுல..." என்று தொடங்குவாள்.
காம்பரா இல்லை, அறை, என்பேன்.
அறை, என்பாள்.
இஸ்தோப்பு இல்லை, விறாந்தை.
விறாந்தை.
இப்போது தப்பாக எதுவும் பேசுவதில்லை.
எதுவுமே பேசுவதில்லை.
தவணை அறிக்கையில் எழுதினேன்:
வாய்மொழித் திறன் குறைவு.

கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை
எட்ட நின்றே வாசித்துவிடுவாளாம்.
"அம்மா, ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க" என்று
கணக்கப்பிள்ளை காதுபடச் சொல்வாளாம்.
தாய் பெருமையாகச் சொன்னாள்.
அறிக்கையில் அதற்கொரு கட்டம் இல்லை.

ஏழாவது கதவின் பூட்டை
யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.
பெரட்டுக்குப் போன பிறகு லயத்தில்
எல்லாக் கதவும் பூட்டித்தான் கிடக்கும்.
ஆனால் பிள்ளைக்குத் தெரிவது தன் வீட்டுப் பூட்டு,
அதன் சாவி தன் கழுத்தில் கிடப்பதால்.
நூல் உராய்ந்த தழும்பு
என் பிடரியில் இன்னும் இருக்கிறது.
கொண்டையைத் தாழ்த்திப் போட்டுக்கொள்வேன்.
ஓய்வறையில் ஊர் கேட்டால்
"பதுளைப் பக்கம்" என்பேன்.
அதோடு பேச்சை மாற்றிவிடுவேன்.

எல்லோரும் போன பிறகு
அவள் கொப்பியைத் திறந்து
அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தேன்.
சிவப்பு மை போகவில்லை.
தாள்தான் கிழிந்தது.

பதினொரு கதவுக்குச் சில்லு போட்டிருந்தாள்.
ஏழாவதின் கீழ் மட்டும் இல்லை.
மறந்துவிட்டாளா,
வேண்டாம் என்று விட்டாளா,
நாளைக்குக் கேட்கலாம்.
கேட்டால், பாவம்,
எந்தச் சொல்லில் பதில் சொல்வாள்?
நான் திருத்தியதிலா?