பத்துக் குழி அட்டை

குத்தாயிசிக்கு வெளியே, முட்டை ஆலையில்,
விரிசல் கண்டதையெல்லாம் பாதி விலைக்குத் தருவார்கள்.
வேலை விட்டு வரும்போது என் பையில்
இரண்டு அட்டையாவது இருக்கும்.
அட்டைக்குப் பத்துக் குழி.
மேலே ஐந்து, கீழே ஐந்து.

பார்பலேக்கு ஒன்பது வயது.
ஐந்து அவரை விதையை நெருக்கி வைத்தால்
ஐந்து என்பாள்.
அதே ஐந்தை மேசை நீளத்துக்குப் பரப்பினால்
"இப்ப நிறைய."
நான் ஒன்றும் சேர்க்கவில்லையே, பாரு, என்பேன்.
பார்ப்பாள். ஏமாற்றாமல்தான் பார்ப்பாள்.
"நிறைய."

சொல்வதெழுதுதலில் பத்துக்கு முட்டை.
சிவப்பு மையில் வரைந்திருந்த அதை
விளக்கருகே தூக்கிப் பிடித்து,
ஆலையில் நான் செய்வதுபோலவே
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"இதுல விரிசல் இல்ல" என்றாள்.

எங்கள் ஜார்ஜிய மொழியும் சும்மா இருப்பதில்லை.
நாற்பதை இரண்டிருபது என்கிறது,
எண்பதை நாலிருபது.
எழுபத்தேழு வேண்டுமா,
மூவிருபது, அதன்மேல் பதினேழு.
சந்தையில் சில்லறை எண்ணும் கிழவர்கள்
மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறார்கள்.
என் மகள் முதல் இருபதின் வாசற்படியிலேயே
செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள்.

எழுத்துகளோ எல்லாமே வளைவு.
ஒரு கொக்கி தள்ளிப்போனால் வேறு ஆள்.
முப்பத்து மூன்றும்
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல் முழித்தால்
அவள் யாரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்?

சிறப்பாசிரியை ஷோரெனா புதன்தோறும் வருவார்,
மினிபஸ் நெரிசலில் கசங்கிய கோட்டோடு.
"எழுத்தைக் கொஞ்சம் விட்டுவைங்க, இஸோல்டா.
சத்தத்தை எண்ணட்டும்.
ஒரு சத்தத்துக்கு ஒரு குழி, ஒரு விதை."

அம்மா என்னும் எங்கள் சொல்லுக்கு நாலு விதை.
வீட்டுக்கு ஐந்து, மேல் வரிசை நிறைந்தது.
இப்படிச் சொன்னால் சுலபமாகத் தெரிகிறது.
ஒரு புதன் முழுக்க விதையெல்லாம் தரையில் கிடந்தது.
இன்னொரு புதன் நான் கத்தினேன்.
பக்கத்து வீட்டு ரேடியோ
சத்தத்தைக் குறைத்துக்கொண்டு எங்களைக் கேட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள்
ஷோரெனா கொடுத்த சொல், முட்டை.
எங்கள் மொழியில் அது பொல்லாத சொல்.
ஏழு சத்தத்தில் உயிர் இரண்டுதான்;
மற்ற ஐந்தும் தொண்டையில்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் நாலு விதை விழுந்தது.
அடுத்த இரண்டு சத்தத்துக்கும் சேர்த்து
ஒரே விதை போட்டாள்.
என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவள் நிறுத்தினாள்.
தொண்டையில் விரல் வைத்து
மறுபடி சொன்னாள், மெல்ல,
ஓடு உடையாமல் உரிப்பவள்போல.
இன்னொரு விதை எடுத்தாள்.
கடைசிக்கு ஒன்று.

ஏழு.
நான் வெங்காயம் நறுக்குவதை விட்டுவிட்டேன்.
அவளோ விதைகளைப் பார்க்கவே இல்லை.
காலிக் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரு வரல."

யாரும் கணக்குக் கேட்கவில்லை.
மொழிப்பாடம்தான் நடந்துகொண்டிருந்தது.
ஷோரெனா பேனா மூடியைத் திறந்தார்,
எதுவும் எழுதாமலே மூடினார்.

ராத்திரி போலந்திலிருந்து ஸாஸா பேசினான்,
மீன் கிடங்குக் குளிரில் குரல் கட்டியிருந்தது.
"வீட்டுல என்ன சேதி?"
"ஏழு பேர் வந்தாங்க. மூணு பேர் வரல."
"யாரு? எதுக்கு வந்தாங்க?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

காலையில் ஆசையோடு கேட்டேன்,
பத்தில் ஏழு போனால்?
அந்நிய பாஷை பேசுபவளைப்போல் என்னைப் பார்த்தாள்.
விதைகளை மேசையெங்கும் பரப்பினேன்.
"நிறைய" என்றாள்.

ஆலையில் கன்வேயர் யாருக்காகவும் நிற்பதில்லை.
பதினோரு மணி வாக்கில்
ஓர் அட்டை ஏழு முட்டையோடு வந்தது.
மூடியில் கை வைத்தவள்
மூடாமல் நின்றேன்.
வரிசை முட்டி, பின்னால் மணி அடிக்கும்வரை.