காக்கைக்குச் சொன்னது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே
இரண்டாவது சந்து.
எனக்கும் ஜெபமணிக்கும் நடுவே ஒரே சுவர்.
அதில் ஆறு அங்குலம் தன்னுடையது என்கிறார் அவர்,
என்னுடையது என்கிறது என் பத்திரம்.
மூன்று வருடமாக வாய்தா.
பேச்சு கிடையாது.

மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாத ஒரு காலை
மொட்டைமாடியில் நின்று
காக்கையிடம் சொன்னார்:
"ஃபுட் வால்வுல மணலு பூந்துகீது.
குழாயத் தூக்கி ஒரு தட்டு தட்டிட்டு
மேல ஒரு குடம் தண்ணி ஊத்தினாப் போதும்.
மெக்கானிக் வந்தான்னா ஆயிரத்தைந்நூறு."
காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது.
காதில் விழாதவளாக இறங்கிவந்து
குழாயைத் தூக்கினேன்.
ஏறிவிட்டது.

கடன் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.

மகள் பிரசவத்துக்கு அவர் மனைவி தூத்துக்குடி போயிருந்த மாதம்
சுவர் தாண்டி வரும், கருகிய வெந்தய வாசம்.
மூன்றாம் நாள் பொறுக்காமல்
சார்ஜ் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு
உரக்கப் பேசினேன்:
"வெந்தயம் செவந்தா போதும், கறுத்தா குழம்பே கசப்பு.
புளி பச்ச வாட போனப்புறம்தான் நெத்திலி.
போட்டுட்டு கரண்டிய வுடாத,
சட்டியப் பிடிச்சு ஒரு சுத்து சுத்து."
அடுப்பைத் தணிக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் இது வழக்கமாகிவிட்டது.
பெயிண்ட் வாளியில் மஞ்சளாகிக்கொண்டிருந்த என் கறிவேப்பிலைக்கு
கேபிள் வயரைப் பார்த்தபடி ஒரு வைத்தியம்:
போர் தண்ணி உப்பு, ஏசி தண்ணியைப் பிடித்து ஊற்று.
தண்ணீரே இழுக்காத அவருடைய வாஷிங் மெஷினுக்கு
காயப்போட்ட புடவையிடம் நான் சொன்னது:
பின்னால் குழாய் மாட்டுகிற இடத்தில் ஒரு சல்லடை,
கழற்றி எலுமிச்சை உப்பில் ஊறவை.
கூட்ஸ் வண்டி போய் முடியாத ஒரு மாலை, கேட்டில்,
முன்னால் நின்ற ஆட்டோக்காரரிடம் அவர்:
"ஃப்ரிட்ஜ் கதவுல பத்து ரூபா நோட்ட வெச்சு மூடிப் பாரு.
இழுத்தா வழுக்கிட்டு வந்துச்சுன்னா ரப்பர் போச்சு."
ஆட்டோக்காரர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையாம்.
என் வீட்டில் நோட்டு வழுக்கியது.

ஐப்பசியில் சுவர் ஊறியது.
என் பக்கம் பீரோவுக்குப் பின்னால்,
அவர் பக்கம் காலண்டருக்குக் கீழே.
கொத்தனார் காதர்கனி இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக வந்து
ஒரே பதிலைச் சொன்னார்:
ஒரு பக்கம் பூசினால் பிரயோஜனமில்லை.
வக்கீல்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்:
கை வைத்தால் கேஸ் கெடும்.
அவர்களுக்குத் தனித்தனியாக ஃபீஸ்.

மழை வக்கீலைக் கேட்டுப் பெய்வதில்லை.
ஒரு ஞாயிறு மதியம் அந்தப் பக்கம் உளிச் சத்தம்.
இரண்டு அடி, ஒரு நிறுத்தம்.
நான் பீரோவை நகர்த்திவிட்டு
சுத்தியலைத் தேடினேன்.

விரிசலை அகலப்படுத்திக்கொண்டே போனதில்
ஓரிடத்தில் செங்கல் உதிர்ந்து
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
அதற்குள் ஒரு டார்ச் வெளிச்சம்,
பிறகு ஒரு கண்.
"கலவைல தண்ணி ஜாஸ்தி வுட்டுடாதம்மா."
காக்கை இல்லை. வயர் இல்லை.
எனக்குத்தான்.
"தள்ளி நில்லுங்க, கண்ணுல தூசி வுழும்" என்றேன்.

பூசி முடித்தாயிற்று.
ஏழு நாள் தண்ணீர் காட்டவேண்டும்.
காலையில் நான் ஊற்றுகிறேன், சாயங்காலம் அவர்.
பேச்சு மறுபடி நின்றுவிட்டது,
பேச ஒன்றும் உடையவில்லை.

நாளை வாய்தா.
காலையிலேயே இரண்டு பேரும் கோர்ட்டில் இருக்கவேண்டும்,
வெயில் வேறு அடிக்கப்போகிறது.
சுவருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று
மாடியில் நின்று
காக்கையைக் கேட்டுவைத்திருக்கிறேன்.