ஒரே ஒரு ஓ

காந்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்தில்
நாலு மாடி, முப்பத்தோரு ரூம்,
ஒரு லிப்ட், அதுவும் பாதி நாள்.
ராத்திரி பத்துக்கு மேல் கல்லாவில் நான்.
வாசல் போர்டு மூன்று பாஷை.
மேலே வங்காளம், எனக்கு அது துணி காயும் கொடி.
கீழே தமிழ், வெறும் பெயின்ட்.
நடுவில் இருப்பது மட்டும் நீலமாக எரியும்:
எல், ஓ, டி, ஜி, ஐ, என், ஜி.

இருபத்திநாலாம் ரூம் நிருபம் மைத்தி
மிட்னாப்பூர் பக்கத்து ஸ்கூல் கிளார்க்.
மனைவி வார்டில்.
தூக்கம் வராமல் இறங்கி வந்து
எதிர்ச் சுவரோரம் என் பைக்கில் சாய்ந்து நிற்பார்.
மூன்றாம் நாள் விரலை நீட்டி, கோல்ட், என்றார்.
மோதிரத்தை விற்கத்தான் கேட்கிறார் என்று
அடகுக் கடை காலையில்தான் திறப்பான் என்றேன்.
சிரித்து, போர்டைக் காட்டினார்.
ஜி, ஓ, எல், டி.
ஏழு வருஷமாக என் தலைக்கு மேல்
தங்கம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் அதுதான் எங்கள் பேச்சு.
அவருக்குத் தமிழ் இல்லை, எனக்கு இந்தி தகராறு,
இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் வாடகை வீடு.
சட்டம் இவ்வளவுதான்:
ஒரு எழுத்தை ஒரு தடவைதான் எடுக்கலாம்,
ஜி மட்டும் இரண்டு உண்டு.
சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொன்னால் செல்லாது.
தோற்றவன் டீ.

அவர் லயன் என்றால் நான் ஆயில்.
நான் டாக் என்றேன்,
சந்து முனையில் படுத்திருந்தது காதை மட்டும் அசைத்தது.
அதையே திருப்பிப் போட்டு அவர் காட் என்றார்,
சொன்ன கையோடு செருப்பைக் கழற்றிவிட்டார்.
லிங்கோ என்று ஒன்று சொன்னார்.
ஒப்புக்கொள்ளாமல் போனில் தேடி, தோற்று,
அன்றைக்கு மட்டும் இரண்டு டீ.
கோயிங். ஓல்ட். லாங்.
என், ஐ, எல் என்று நான் கூட்டியபோது
அவருக்கு அது பூஜ்யம்,
எனக்கு நில்.

பதினோராம் ராத்திரி, குட், என்றார்.
ஜி இருக்கிறது. டி இருக்கிறது.
ஓ ஒன்றுதான்.
எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார்,
ஒரு ஓ கைமாற்றாகக் கிடைக்குமா என்பதுபோல் நின்றார்.
மறுநாள் ரிசல்ட் என்று எனக்குத் தெரியும்,
ரூமை ஒரு நாள் நீட்டச் சொன்னவர் அவர்தானே.

எங்கள் ஊருக்கு இது பழக்கம்.
தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று
சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.
ஓ குறைந்த குட் ஒன்றும் புதுசில்லை.
இதை எந்த பாஷையில் சொல்ல?
டீ என் கணக்கு என்றேன்.

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
தங்கும் விடுதி.
அதில் என்ன கிடைக்கும்?
கேட்ட பிறகுதான் நானே பார்த்தேன்.
தங்கு. குதி. குவி.
வி-யும் தி-யும் சேர்ந்து பல்லைக் காட்டியதும்
வாயை மூடிக்கொண்டேன்.
விடு, என்றேன் அவரிடம்.
மீனிங்?
பிடித்திருந்த எதையோ கீழே போடுவதுபோல்
கையை விரித்துக் காட்டினேன்.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.
பிடு, பிடு என்றுதான் வந்தது,
பாதி பிடி மாதிரி.

அடுத்த ராத்திரி நான் வந்தபோது
இருபத்திநாலின் சாவி ஆணியில் இல்லை.
ரிஜிஸ்டரில் பகல் ஆளின் கோணல் கையெழுத்து:
இன்னும் நாற்பது நாள், அட்வான்ஸ் பாதி.
ஒரு மணிக்கு இறங்கி வந்தார்.
பைக்கில் சாயவில்லை.
போர்டையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
லாங், என்றார்.

அது சொன்ன வார்த்தை.
சட்டம் அவருக்கும் தெரியும்.
செல்லும் என்று தலையாட்டிவிட்டு
டீ சொல்ல நடந்தேன்.