தேய்மானம் இதில் சேராது

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும்.
கடிதத்தில் அந்த வரி மட்டும் தடித்த எழுத்து.
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு டாலர்,
இன்னும் மூன்று வருஷம்
அல்லது அறுபதாயிரம் கிலோமீட்டர்,
எது முந்துகிறதோ அது.

மெரேயானா முந்துகிறவள்தான்.
ஆறரைக்கு மார்னிங்டன் மேட்டில் ஒருவருக்குக் குளியல்,
ஏழேகாலுக்குப் பைன் ஹில்லில் இன்சுலின்,
எட்டரைக்கு செயின்ட் கில்டாவில்
இறுக்கக் காலுறை மாட்டிவிடக் காத்திருக்கும்
திரு. மெக்காஸ்கில்லின் திறந்த கதவு.
டனீடனில் சமதளம் என்று ஒன்று
கடலோரத்தில்தான் கிடைக்கும்.
மற்றதெல்லாம் ஏற்றம்,
அல்லது ஏறியதற்கான தண்டனை.

இறங்கும்போது பேட்டரி நிரம்புகிறது.
அந்தக் காரில் அவளுக்குப் பிடித்ததே இதுதான்:
பிரேக்கை மிதிக்கிற பயம்கூட
வீணாய்ப் போவதில்லை.

ஜப்பானில் யாரோ எட்டு வருஷம் ஓட்டிய வண்டி.
பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண்குரல்
ஒரே ஒரு வாக்கியம் சொல்லும்.
பத்திரமாய்ப் போய் வா என்கிறாள் போல என்று
இரண்டு குளிர்காலம் தலையாட்டினாள் மெரேயானா.
மழைக்கு ஏறிக்கொண்ட மாணவி ஒருத்தி
சிரித்துக்கொண்டே பொருள் சொன்னாள்:
சுங்கச்சாவடி அட்டையை நீங்கள் செருகவில்லையாம்.

உத்தரவாத நீட்டிப்பு, பதினொரு பக்கம்.
சொல்லைப் பிய்த்தால்
பாதி உத்தரவு, பாதி வாதம்.
இன்வெர்ட்டர் உண்டு.
ஹைப்ரிட் பேட்டரி உண்டு, மூவாயிரம் வரைக்கும்.
(புதியது நாலாயிரத்து எண்ணூறு. விசாரித்துவிட்டாள்.)
டயர் இல்லை, பிரேக் கட்டை இல்லை,
தண்ணீர் புகுந்தால் இல்லை,
ஒழுங்காய்ப் பார்த்துக்கொள்ளாததால் வந்தது இல்லை.
தேய்மானம் இதில் சேராது.

அவளுடைய வலது தோள்
பதினேழு வருஷம் மனிதர்களைத் தூக்கியது.
ஸ்கேனைப் பார்த்துவிட்டு
அரசு அலுவலகமும் இதையேதான் எழுதியிருந்தது,
இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

நிம்மதிக்கு விலை உண்டா மேடம் என்றான்
தொலைபேசியில் பிரென்டன்.
உண்டே,
நீதானே அச்சடித்து அனுப்பினாய்,
வரியும் சேர்த்து.

வியாழன் இரவு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பின்சீட்டின் ஓரத்துச் சல்லடையை நெம்பினாள்.
பேட்டரி மூச்சு வாங்குகிற வழி அது.
அடைத்துக்கொண்டிருந்தது நாய்முடி.
வெள்ளை, மெத்தென்று,
திரட்டினால் இன்னொரு நாய்க்குட்டி செய்யலாம்.
அவள் நாய் வளர்த்ததே இல்லை.
நகோயாவிலோ எங்கேயோ
இந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
யாரோ ஒருவன் உலகம் பார்த்திருக்கிறான்.
எந்தப் படிவத்திலும் அவன் பெயர் இல்லை.
ரொட்டிப் பையில் போட்டுக் கட்டினாள்.
வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி,
பிறகு, சீ, என்று குப்பையில்.

வெள்ளி, நாலு ஐம்பது.
திரு. மெக்காஸ்கில்லின் காலுறையை
குதிகாலில் சிக்காமல் உருவிக்கொண்டிருந்தாள்.
ஃபோன் கோட்டுப் பையில், கோட்டு கதவருகே.
எட்டி எடுத்திருக்கலாம்.
அந்த வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் மெதுவு.
அது ஐந்தடித்தபோது
வெளியே உலகத்தில் முடிவாகியிருந்தது.

திங்களன்று வங்கியில் தனிக் கணக்கு.
பெயர் கேட்டது: பேட்டரி என்று தட்டினாள்.
மாதம் அறுபத்தொரு டாலர்.
மார்ச்சில் இரண்டு டயர்.
மே மாதம் மகனுக்குக் கடைவாய்ப் பல்.
இப்போது பேட்டரியில் இருப்பு பதினான்கு.

விசிறி சத்தமில்லாமல் ஓடுகிறது. அதைத் தவிர
நல்ல சேதி என்று சொல்ல ஒன்றுமில்லை.

இன்று உறைபனி.
கண்ணாடியைச் சுரண்டிவிட்டு ஏறிப் பொத்தானை அழுத்தினாள்.
அட்டை செருகப்படவில்லை என்றாள் அவள்.
தெரியும் என்றாள் மெரேயானா,
மேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பியபடி.