பொழுதுக்குப் பங்கு

கொப்பரை மூட்டைகள் மேல்
மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து வைத்தான்
பெருந்துறையிலிருந்து வந்த யுகேந்திரன்.

நீலத்தில் ஒன்று,
உடைத்த கற்கண்டாக ஆயிரம் பக்கம் மின்னியது.
கறுப்பில் ஒன்று,
நள்ளிரவுக் கிணறு, ஒரே நிறம்.
மூன்றாவதற்கு முதுகே இல்லை.
இரண்டு பக்கமும் முகம்.

"நீலம் வெல கம்மிங்க்கா.
கறுப்பு கொஞ்ச எடத்துலயே நெறையக் குடுக்கும்.
இது கீழயிருந்து வர்ற வெளிச்சத்தையும் குடிச்சுக்குமுங்."

வெயிலுக்கு விலைப்பட்டியலா என்று
நான் சிரிக்கவில்லை.
பதினோரு வருடமாக நானும் வெயிலைத்தான் விற்கிறேன்,
காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே
இரண்டு ஏக்கர் சிமெண்டுக் களத்தில்.
தேங்காயின் ஈரம் இறங்க ஏழு பொழுது.
ஆடிக் காற்றிருந்தால் ஐந்து.
மேகம் கட்டினால் கந்தகம்;
கந்தகம் போட்டால் வியாபாரி முகர்ந்து பார்த்து
கிலோவுக்கு மூன்று ரூபாய் இறக்குவான்.

எங்கள் பக்கம் சூரியன் என்று யாரும் சொல்வதில்லை.
பொழுது கிளம்பும், பொழுது சாயும்.
நேரத்துக்கும் அதற்கும் ஒரே பேர்.
வாய்க்கால் தண்ணிக்கு முறை உண்டு,
மடைக்கு மடை மண்வெட்டியோடு சண்டை உண்டு.
பொழுதுக்கு முறை வைத்ததில்லை,
அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

மில்லின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். ஆள் ஏறினாலே விரியும்.
"களத்து மேலயே நிறுத்திக்கலாமுங்" என்றான்.
ஒரே வெயிலுக்கு இரண்டு வாய்.
கொப்பரை தின்றால் எண்ணெய்,
கண்ணாடி தின்றால் எண்ணெய் ஆட்டும் மோட்டார்.

கொழுந்தனார் பழனிவேலப்பன் போனில் பெருக்கினார்.
கறுப்பு. நாற்பது பலகை. களத்தில் கால்வாசி.
ஐந்தாம் வருடம் முதல் எடுப்பு.

"சூடு ஏற ஏறத் தெம்பு கொறையுமுங்.
இருவத்தஞ்சு டிகிரி தாண்டுனா
டிகிரிக்கு டிகிரி கொஞ்சங் கொஞ்சமா."
யுகேந்திரன் சொல்லி முடிக்கவில்லை.
பருப்பு நோண்டிக்கொண்டிருந்த வள்ளியாத்தாள்
கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்:
"எங்களாட்டவேதானா?"

ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும்
வரிசையே தளருமாம்.
மறுநாள் நானும் ரஞ்சன் நாயக்கும்
நிழல்களைச் சுண்ணாம்பால் வரைந்தோம்.
ஏழு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து ஐந்து தென்னை.
நாலரைக்குக் காற்றாடியின் இறக்கை,
வந்து போய், வந்து போய்,
வரையவே முடியவில்லை.
நடுப்பகலில் ஒன்றே ஒன்று: லோடு லாரி.
அதன் ஓரத்தில் சாக்கு விரித்து ஒன்பது பெண்கள்.
நிழல் நகர நகர சாக்கும் நகரும்.
இரண்டு மணிக்கு லாரி கிளம்பியது,
நிழலும் லோடோடு போனது.
பதினோரு வருடம்.
அன்றுதான் சுண்ணாம்போடு பார்த்தேன்.

இருமுகப் பலகைதான் என்றேன். பன்னிரண்டே பன்னிரண்டு.
வடக்கு ஓரம், பன்னிரண்டடி உயரம்,
நிழல் வேலிப் பக்கம் விழும்படி.
ஆனி ஆடியில் மட்டும்
பொழுது வடக்கே போய் நின்று
நிழலைக் களத்துக்குள் இரண்டடி தள்ளும்.
அந்த இரண்டடிக் கொப்பரை என் கணக்கில்.

"மோட்டாருக்குப் பாதிகூடக் காணாது" என்றார் கொழுந்தனார்.
காணாதுதான்.
காலுக்கு மட்டுமே எத்தனை இரும்பு என்றும் கேட்டார்.
அதையும் சொன்னேன். அதன் பிறகு இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை.

மீட்டர் மாட்ட மின்வாரியத்து ஆள் இன்னும் வரவில்லை.
ஒரு யூனிட் ஓடவில்லை.
களத்து வெளுப்பு மேலேறி
கண்ணாடியின் அடிவயிற்றில் வெறுமனே பளபளக்கிறது.
கீழே ஒன்பது சாக்கு.
கட்டங்களின் இடுக்கில் ஒழுகிய வெயில்
வள்ளியாத்தாள் முதுகில் கோடு கோடாக.
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து,
அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்:

"இந்த லாரி எங்கயும் போயிராதில்லீங்?"